எனக்குப் பதிலா மல்கோவா

சிரிக்கிறவங்க எல்லாம் இப்பவே சிரிச்சு முடிச்சிருங்கடா. லோகு, நீ வாயில இருக்கிற பன்ன முழுங்கிட்டு சிரி, போன தடவ மாதிரி மூக்கு வழியா டீ வந்துச்சுன்னா இந்த பேக்கரிக்குள்ள நம்மள இனிமே சேத்துக்க மாட்டாங்க. அன்வரு, நீ சிரிக்கவே வேண்டாம், அரியர கோத்து மாலை கட்டினவன் நீ. "குதிரைய காலேஜுக்கு அனுப்பிட்டு ஊர் சுத்தினவன்"னு என் முதுகுக்குப் பின்னாடி நீங்க பேசறது எனக்குத் தெரியும், முன்னாடியே பேசறீங்க, அது இன்னும் நல்லாத் தெரியும். ஆனா உங்களுக்குத் தெரிஞ்சது பாதிதான். மீதியச் சொல்றேன். முடிக்கிற வரைக்கும் எவனும் போன நோண்டக் கூடாது.

நான் மாட்டு டாக்டருக்குப் படிச்சேன்ல. அது படிப்பு இல்லடா, மாமியார் வீடு. விடியறதுக்கு முன்னாடி பண்ணையில சாணி அள்ளணும், விடிஞ்சதும் எலும்ப எண்ணணும், மத்தியானம் பாட்டில்ல மெதக்கிற புழுவப் பாத்து அது பேரு, அதோட அப்பன் பேரு எல்லாம் சொல்லணும், சாயங்காலம் மறுபடி பண்ணை, இதுக்கு நடுவுல ஒரு க்ளாஸ் கட் அடிச்சாலும் பரீட்சைக்கு உக்கார விடமாட்டோம்னு ஒரு போர்டு. அந்தக் காலேஜு எந்த ஊருன்னு கேக்காதீங்க, சொன்னா வாட்ச்மேன் அண்ணன் சங்கடப்படுவாரு. எங்கப்பா தறி ஓட்டறவரு. எங்க வளவுல மொத மொத டாக்டர் ஆகப் போறவன் நான். நான் லீவுக்கு வந்தா பக்கத்து வீட்டு எருமையெல்லாம் என்னைப் பாத்து எந்திரிச்சு நிக்கும்னு அம்மா சொல்லும்.

எனக்கோ கை கேமராவுலதான் இருந்துச்சு. துபாய்ல இருந்து மாமா கொண்டாந்து, எங்க அமுக்கணும்னு தெரியாம அரிசி டப்பாவுக்குள்ள பத்திரமா பொதச்சு வெச்சிருந்த கேமரா அது, இன்னிக்கும் ஒலுக்கினா ரெண்டு அரிசி விழும். ஒன்னு மூஞ்சி எடுப்பேன், இல்லைன்னா குதிரை எடுப்பேன். வேற எதையும் எடுக்கத் தோணாது. சூரியன் மறையறது, பூவுல பனித்துளி, இதெல்லாம் லோகு மாதிரி ஆளுங்களுக்கு.

குதிரைன்னா ஒரே குதிரைதான். எங்க காலேஜ் கேட்டுக்கு எதுக்க ஒரு வாகை மரம், அதுக்கடியில காசிம் பாவா, அவருகூட மல்கோவா. மாம்பழத்த தோல் சீவி வெச்ச மாதிரி வெளிறின மஞ்சள்ல ஒரு பொட்டைக் குதிரை. கல்யாணத்துக்கு மாப்பிள்ளைய ஏத்திட்டுப் போகும், தர்கா சந்தனக்கூட்டுக்குப் போகும், ஞாயித்துக்கெழமை குழந்தைங்கள ஏத்திட்டு மரத்தச் சுத்தும். இதெல்லாம் அதுக்கு உத்தியோகம். ஆனா தெனமும் காலையில பாவா கயித்த அவுத்து விட்டா, காலேஜுக்குப் பின்னாடி வத்திக் கெடந்த ஏரிக்குள்ள எறங்கி ஓடும் பாருங்க, யாரும் மேல இல்லாம, யாரும் வெரட்டாம, எங்கயும் போய்ச் சேர வேண்டிய அவசியம் இல்லாம, இந்தக் கரையில இருந்து அந்தக் கரைக்கும் அந்தக் கரையில இருந்து இந்தக் கரைக்கும், சும்மா, கால் இருக்குங்கிற ஒரே காரணத்துக்காக ஓடும். அது ஓடறதப் பாக்க பால்காரர் வண்டிய நிறுத்துவாரு, பள்ளிக்கூடப் பிள்ளைங்க நிக்கும், ரெண்டாம் நம்பர் பஸ் டிரைவர் அரை நிமிஷம் லேட்டா எடுப்பாரு. பாவாவுக்கும் அதான் பெரும. ஆடி மாசம் அந்தியூர் சந்தையில அத்தனை குதிரைக்கு நடுவுல மல்கோவாவ ஒரு ஓட்டம் ஓட விடுவாரு, விக்க இல்ல, சும்மா காட்ட. அந்த ஒரு ஓட்டத்தப் பாத்துட்டுத்தான் வருஷம் பூரா கல்யாணத்துக்குக் கூப்பிடுவாங்க. அது ஓடினாத்தான் பாவா வீட்டுல அடுப்பு எரியும்.

மூஞ்சிக்கு வர்றேன். கேமராவப் பாத்ததும் நம்ம ஜனத்துக்கு ரேஷன் கார்டு மூஞ்சி வந்துரும், இல்லையா? கழுத்து வெறச்சு, கண்ணு முழிச்சு, போலீஸ் ஸ்டேஷன்ல நிக்கிற மாதிரி. அதுக்கு நான் ஒரு வழி கண்டுபிடிச்சேன். ஆள உக்கார வெச்சு, மல்கோவாவ அவங்களுக்குப் பின்னாடி, படத்துல விழாத மாதிரி நிறுத்திருவேன். அது பாட்டுக்கு மெதுவா அவங்க பெடனியில மூச்சு விடும். வெதுவெதுன்னு, கொள்ளு வாசனையோட. அந்த மூச்சு பட்டதும், வட்டிக்கடைக்காரரா இருந்தாலும் சரி, வாத்தியாரா இருந்தாலும் சரி, தோளு எறங்கும், தாடை தளரும், அவங்க அம்மா பாத்த மூஞ்சி வெளிய வரும். டக்குனு அமுக்கிருவேன். ஊருல இருந்த அத்தனை பேரும் அந்த மூஞ்சியக் கேட்டு வந்தாங்க. வேலை வந்துகிட்டே இருந்துச்சு, க்ளாஸும் நடந்துகிட்டே இருந்துச்சு, நான் ஒருத்தன்தான் இருந்தேன்.

என் பெஞ்சுல கிருபான்னு ஒரு பொண்ணு. வாய் இருக்கே, தையல் மெஷினு. ஆனா எனக்காக ஆம்பளக் கொரல்ல "எஸ் மேடம்" சொல்லிகிட்டு இருந்தா. ஒரு நாள் மாட்டிகிட்டா. "இனிமே உனக்கு என்னால முடியாதுடா கார்வேந்தா, நீயாச்சு உன் குதிரையாச்சு"ன்னா.

மறுநாள் காலையில எனக்கு ஒரு சீமந்தத்துல மூஞ்சி எடுக்கிற வேலை. கெளம்பற அவசரத்துல என் வெள்ளைக் கோட்ட கழட்டி மல்கோவா முதுகுல போட்டேன், ஐடி கார்ட அது கழுத்துல மாட்டினேன், "போய் எனக்குப் பதிலா உக்காரு தாயி"ன்னேன். வெளையாட்டுக்குத்தான் சொன்னேன். அது ஒரு தடவ காத ஆட்டுச்சு, ரோட்டத் தாண்டுச்சு, கேட்டுக்குள்ள போச்சு. வாட்ச்மேன் அண்ணன் கார்டப் பாத்தாரு, குதிரையப் பாத்தாரு, "போட்டோல கொஞ்சம் கருப்பா இருக்கே"ன்னு மட்டும் சொல்லிட்டு விட்டுட்டாரு. எலும்புப் பாடம் எடுக்கிற திலகவதி மேடம் பேரு வாசிச்சாங்க. "கார்வேந்தன்." கடைசி வரிசையில இருந்து ஒரு கனைப்பு. மேடம் நிமிந்து பாத்துட்டு, "இன்னிக்காவது நேரத்துக்கு வந்தியே"ன்னு டிக் போட்டாங்க.

அவ்வளவுதான்டா. அதுக்கப்புறம் அது தெனமும் போச்சு.

மொத வாரம் பெஞ்சு எடம் பத்தலைன்னு க்ளாஸ் லீடர் புகார் குடுத்தான், கடைசி பெஞ்ச எடுத்துட்டு வைக்கோல் போட்டாங்க, அதோட அந்தப் பிரச்சினை தீந்துச்சு. ரெண்டாவது வாரம் ஹாஸ்டல் மெஸ்ல கொள்ளு ஊற வெக்க ஆரம்பிச்சாங்க, பசங்களும் அதையே சுண்டல் பண்ணச் சொல்லித் தின்னாங்க. பொண்ணுங்க பிடரியப் பின்னி விட்டாங்க. கோட்டு அழுக்கா இருக்குன்னு டிபார்ட்மெண்ட்ல இருந்து ஒரு மெமோ வந்துச்சு, பாவா தொவச்சு காயப் போட்டாரு. புழுப் பாடத்துல ஸ்லைட போட்டு "இது என்ன?"ன்னு கேட்டா, மல்கோவா சரியான படத்துக்கு முன்னாடி போய் மூக்க வெக்கும். வாய்மொழித் தேர்வுக்கு வந்த வெளியூர் வாத்தியாரு, "பையன் பேச்சு கம்மி, ஆனா விஷயம் இருக்கு"ன்னு மார்க் அள்ளிப் போட்டுட்டுப் போனாரு. நான் ஜென்மத்துல வாங்காத மார்க்கு.

அப்பாவ காலேஜுக்கு வரச் சொன்னாங்க ஒரு நாள், எல்லா அப்பா அம்மாவையும் கூப்பிடுவாங்கல்ல, அந்த மீட்டிங்கு. நான் மரத்துக்குப் பின்னாடி நின்னு பாத்துகிட்டு இருந்தேன். தறிக்கு லீவு சொல்லிட்டு, வெள்ளை வேட்டி கட்டிகிட்டு, கையில முறுக்குப் பையோட வந்தாரு. மேடம் முன்னாடி கைய கட்டிகிட்டு நின்னாரு.

"ஏனுங் மேடம், எம்பட பையன் எப்படிங்?"

"மொதல்ல ரொம்ப ஆட்டம்ங்க. இப்ப தங்கம். க்ளாஸ்ல ஒரு பேச்சு இல்ல, ஒரு நாள் லீவு இல்ல."

பக்கத்துல மல்கோவா கோட்ட மாட்டிகிட்டு நின்னுச்சு. அப்பா அதை மேலயும் கீழயும் பாத்தாரு. கோட்டுல என் பேரப் படிச்சாரு. இப்பக் கத்துவாரு, இப்ப என்னைத் தேடுவாருன்னு நின்னேன். தேடுவாருன்னு இல்ல, தேடணும்னு நின்னேன். அவரு முறுக்க எடுத்து அது வாயில குடுத்தாரு, நெத்தியத் தடவினாரு, "எளச்சுப் போயிட்ட சாமி, நல்லா சாப்புடோணும்"னாரு. கண்ணத் தொடச்சுகிட்டு பஸ் ஏறிட்டாரு. அன்னைக்கு ராத்திரி எனக்குப் போன் பண்ணி, "நாளைக்கும் க்ளாஸுக்குப் போகுமில்ல?"ன்னு கேட்டாரு. போவியான்னு கேக்கல. போகுமான்னு கேட்டாரு. சிரிங்கடா, இப்பச் சிரிக்கலாம், நானும் அன்னைக்குச் சிரிச்சேன், சிரிச்சுட்டு போர்வைய இழுத்து மூஞ்சிய மூடிகிட்டேன்.

இதுக்கப்புறம்தான் அது மாற ஆரம்பிச்சுச்சு.

படிக்கிற பிள்ளைங்களுக்கு ஒரு வியாதி வரும், எந்த நோயப் படிச்சாலும் அது நமக்கே இருக்கிற மாதிரித் தோணும், எனக்கே மாட்டு நோயெல்லாம் வந்துச்சு. ஆனா நாங்க படிச்சது மாட்டப் பத்தி, ஆட்டப் பத்தி, குதிரையப் பத்தி. மல்கோவா கேட்டது அத்தனையும் தன்னப் பத்தி. குடல்புழு பாடம் முடிஞ்ச மறுநாள் அது குட்டையில தண்ணி குடிக்க மாட்டேன்னுடுச்சு. விஷச் செடி பாடம் கேட்டுட்டு வந்து ஒவ்வொரு புல்லையும் மோந்து பாத்து மோந்து பாத்து, கடைசியில பட்டினி கெடந்துச்சு. குதிரைக்கு வயித்து வலி வந்தா வாந்திகூட எடுக்க முடியாதுன்னு கேட்ட அன்னைக்கு, முழுசும் திரும்பித் தன் வயித்தையே பாத்துகிட்டு நின்னுச்சு. குளம்பு நோவு பாடத்துக்கப்புறம் தார் ரோட்ட கண்ணாடி மாதிரி மிதிச்சு நடந்துச்சு. ஏரியில மட்டும் ஓடுச்சு. முன்ன மாதிரி இல்ல, அந்தக் கரைக்குப் போய்ச் சேந்ததும் நின்னு மூச்ச எண்ணிப் பாத்துட்டுத் திரும்பும், ஆனா ஓடுச்சு.

பாவா ஒரு நாள் கயித்தக் கையில சுத்திகிட்டே கேட்டாரு, "தம்பி, அங்க என்னதான் சொல்லித் தர்றாங்க? எங்கிட்ட வந்தப்ப இதுக்கு இடி இடிச்சாக்கூட பயம் கெடையாது. இப்ப இலை விழுந்தா நடுங்குது."

"நாலு எழுத்து படிச்சா அப்படித்தான் பாவா, பொறுப்பு வரும்"னேன். வாய் நமக்குத்தான் குதிரைய விட வேகமா ஓடுமே.

"சந்தைக்கு நாள் நெருங்கிடுச்சு. அது வரைக்குமாவது வூட்டுல இருக்கட்டும்."

"இருக்கட்டும் பாவா, நாளைக்கு ஒரே ஒரு நாள்."

அந்த ஒரு நாளுக்கு என்ன அவசரம்னா, ஒரு மில்லுக்காரரு வீட்டுல, குடும்பம் பூரா, கொள்ளுத்தாத்தாவுல இருந்து தொட்டில் குழந்தை வரைக்கும் ஒவ்வொரு ஆளா மூஞ்சி எடுக்கணும்னு கூப்பிட்டிருந்தாங்க. அதே நாள் காலேஜுல வெளியில இருந்து ஒரு பெரிய டாக்டரு வந்து சிறப்பு வகுப்பு, வரலைன்னா வருஷமே போச்சுன்னு சொல்லிட்டாங்க. என்ன பாடம்னு நோட்டீஸ் போர்டுல போட்டிருந்துச்சு. நான் படிச்சேன். ஓடற குதிரைக்குக் கால் ஒடஞ்சா என்ன பண்ணுவாங்கங்கிறதுதான் பாடம்.

பாவா கேட்டாரு, "நாளைக்கு என்ன பாடம் தம்பி? குதிரை இல்லையே?"

"கோழி பாவா. காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் கோழி."

அவரே கோட்ட மாட்டி விட்டாரு, காலர சரி பண்ணி.

மில்லுக்காரரு வீட்டுல, க்ளாஸ் இருக்கிற நாள்ல வழக்கமாப் பண்ற மாதிரி, மல்கோவா மூச்சு இல்லாமயே ஒப்பேத்திகிட்டு இருந்தேன். கிருபா போன் பண்ணினா. கொரல்ல வழக்கமான அலட்டல் இல்ல. "டேய், நீ வந்து கூட்டிட்டுப் போ. அந்த ஆளு எல்லாத்தையும் சொல்லிட்டாருடா. குதிரை எலும்பு சேராது, படுக்கப் போட்டாலும் தாங்காது, ஒடஞ்சதுன்னா ஊசி போட்டு முடிச்சு விடறதுதான் கருணைன்னு, ஸ்லைடு போட்டு, வீடியோ போட்டு. இது நடுவுல நின்னுகிட்டு தன் காலையே பாக்குதுடா. முன்னங்காலு ரெண்டையும் பாத்துச்சு, இப்பத் திரும்பிப் பின்னங்காலப் பாக்குது."

"இன்னும் ரெண்டே ஆளு, முடிச்சுட்டு வந்தர்றேன்"னேன்.

அந்த ரெண்டு ஆளு, பந்தியில உக்கார வெச்சு எனக்குச் சாப்பாடு போடற வரைக்கும் நீண்டுச்சு. நான் போறப்ப காலேஜு விட்டு வெகு நேரம் ஆச்சு. ரோட்டத் தாண்டறதுக்கு மட்டும் அது அத்தனை நேரம் எடுத்துச்சாம். கிருபாவும் வாட்ச்மேன் அண்ணனும் ரெண்டு பக்கமும் வண்டிய மறிச்சு நின்னாங்களாம்.

சந்தைக்குப் போனோம். பாவா நம்பிக்கையாத்தான் இருந்தாரு, "கூட்டத்தப் பாத்தா ரத்தம் சூடாகும், ஓடிருவா"ன்னாரு. அந்தியூர் உங்களுக்குத் தெரியும், ஆடியில அங்க மனுஷன விடக் குதிரைக்கு மரியாதை. கொட்டு சத்தம், தூசி, கருப்பும் வெள்ளையும் செவலையுமா வரிசை வரிசையா நின்னுச்சு, ஒவ்வொண்ணா எறங்கி ஓட, கூட்டம் விசிலடிக்க, இந்தப் பக்கம் கரும்பு ஜூஸ் பிழியற சத்தம். "பாவா குதிரை வருது, வழி விடுங்க"ன்னு தெரிஞ்சவங்க கத்தினாங்க. பாவா கயித்த அவுத்து அது முதுகுல ஒரு தட்டு தட்டி விட்டாரு.

மல்கோவா நடுவுல போய் நின்னுச்சு. ஒரு காலத் தூக்குச்சு. கீழ இருக்கிறது மண்ணா, கல்லா, பொந்தான்னு பாத்து, முட்டை மேல வெக்கிற மாதிரி வெச்சுச்சு. அடுத்த காலத் தூக்குச்சு. வெக்கல. அப்படியே நின்னுச்சு. தோல் மட்டும் ஓடுச்சுடா, தோள்பட்டையில இருந்து தொடை வரைக்கும் தோல் மட்டும் அலை அலையா. கூட்டம் மொதல்ல சிரிச்சுச்சு, அப்புறம் சிரிக்கல, அப்புறம் கொட்டு அடிக்கிறவங்க தானா நிறுத்திட்டாங்க. சந்தையில இருந்த மத்த குதிரைங்க எல்லாம் ஒண்ணு விடாம இது பக்கம் திரும்பி நின்னுச்சு. பாவா போய் அது கழுத்தக் கட்டிகிட்டாரு. அடிக்கல, இழுக்கல. சலங்கைய அவுத்தாரு, ஜரிகைத் துணிய எடுத்தாரு, கடிவாளத்தக் கழட்டினாரு, ஒரு கனமும் இல்லாம வெறும் குதிரையா நிறுத்திட்டு, "ஒண்ணும் ஆகாதுடா கண்ணு"ன்னாரு. அது என்னைப் பாத்துச்சு.

நான் என்ன பண்ணினேன்? அமுக்கினேன்.

அத்தனை பேரு மூஞ்சிய எடுத்திருக்கேன், அந்த மாதிரி ஒரு மூஞ்சி எனக்குக் கெடச்சதே இல்ல. பாவா திரும்பி, "எடுத்துட்டியா தம்பி?"ன்னாரு. திட்டற மாதிரிகூட இல்ல. எடுத்தாச்சான்னு தெரிஞ்சுக்க மட்டும் கேட்டாரு. "எடுத்துட்டேன் பாவா"ன்னேன். அவரு அதை அங்கிருந்து நடத்தியே கூட்டிட்டுப் போனாரு. வேன்ல ஏத்தினா சறுக்கும்னு அது ஏறல. ரோட்டுல அவங்களுக்குப் பின்னாடி வந்த லாரி ஒண்ணுகூட ஹாரன் அடிக்கலைன்னு சொன்னாங்க.

அடுத்த திங்கக்கெழமை நான் கோட்ட மாட்டிகிட்டு நானே க்ளாஸுக்குப் போனேன். "கார்வேந்தன்"னு கூப்பிட்டாங்க, "எஸ் மேடம்"னேன். திலகவதி மேடம் கண்ணாடியக் கழட்டிட்டுப் பாத்தாங்க. "நீ யாருப்பா?"ன்னாங்க. கிருபாகூட எனக்காகப் பேசல. வாட்ச்மேன் அண்ணன் கையப் புடிச்சு மரியாதையா வெளிய கொண்டாந்து விட்டாரு. அப்படித்தான் என் படிப்பு நின்னுச்சு. "பெயிலாகிட்டேன்"னு உங்ககிட்டச் சொன்னது சும்மா. பெயிலாகறதுக்கும் உள்ள உக்காந்திருக்கணும்ல.

என் போட்டோ, பரிசு வாங்கின போட்டோ, டவுன்ல ஸ்டுடியோ கண்ணாடிக்குள்ள பெருசா மாட்டியிருக்கே, அது அந்தச் சந்தையில எடுத்ததுதான். அதப் பாத்துட்டுத்தான் இப்ப என்னைக் கல்யாணத்துக்குக் கூப்பிடறாங்க. அதுக்கு முன்னாடி நின்னு அழறவங்களும் உண்டு.

மல்கோவா இப்பவும் வாகை மரத்தடியிலதான் நிக்குது. ஓடறதில்ல. ஊரு அதுக்குத் தகுந்த மாதிரி மாறிகிச்சு. ரெண்டாம் நம்பர் பஸ்ஸு அந்த எடத்துல சைக்கிள் மாதிரி ஊர்ந்து போகுது. மாப்பிள்ளைங்க யாரும் மேல ஏறறதில்ல, அதுக்குப் பக்கத்துல, அது கால வெக்கிற வேகத்துல நடந்து போறாங்க, மண்டபத்துக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள முகூர்த்தம் தாண்டிரும்னு இப்பக் காலையில மூணு மணிக்கே கெளம்பறாங்க, கேட்டா எங்க ஊருல இதான் வழக்கம்னு சொல்றாங்க. பாவா வீட்டுக்கு ஊரே அரிசி குடுக்குது. அவரு வாங்கறாரு. வாங்கறப்ப யாரு மூஞ்சியையும் பாக்கறதில்ல.

போன மாசம் என்னைத் தேடி வந்தாரு. என்மேல அவருக்கு ஒரு கோவமும் இல்லடா, அதுதான் என்னால தாங்க முடியல. "தம்பி, அவ ஏரியில ஓடறத தெனமும் எடுப்பியே. அதுல ஒண்ணு பெருசா போட்டுக் குடு. அவ கண்ணு முன்னாடி மாட்டி வெக்கறேன். காதுல கேட்டதுனால மறந்து போனவ, தன்னைத்தானே கண்ணால பாத்தா நெனப்பு வராமயா போயிரும்? ஒரே ஒரு தடவ அவ ஓடிட்டா போதும்."

"தேடி எடுத்துத் தர்றேன் பாவா"ன்னேன். அதுக்கப்புறம் ஒவ்வொரு வெள்ளிக்கெழமையும் தொழுகை முடிச்சுட்டு வர்றாரு. "கெடச்சுதா தம்பி?" "தேடிட்டு இருக்கேன் பாவா." நேத்தும் வந்தாரு. நேத்தும் அதையேதான் சொன்னேன்.

தேடறதுக்கு ஒண்ணும் இல்லடா. மில்லுக்காரரு வீட்டுல பாதியில மெமரி கார்டு நெறஞ்சு போச்சு. அந்த வீட்டம்மா பட்டுச்சேல மடிப்ப சரி பண்ணிகிட்டு, "ஆச்சா தம்பி?"ன்னு நின்னாங்க. வேற எதுலயும் ஏத்தி வெக்கல, எல்லாம் அந்தக் கார்டுலதான் இருந்துச்சு. ஏரியில அது ஓடின ஒவ்வொரு போட்டோவும் நான்தான் அழிச்சேன், ஒண்ணொண்ணா பாத்துப் பாத்து அழிச்சேன். நாளைக்குக் காலையிலயும் ஓடத்தானே போகுது, வேற எடுத்துக்கலாம்னு நெனச்சேன். பாவாகிட்ட இன்னும் சொல்லல.